அரைப் போத்தல் கணக்கு

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர்களாகிய எமக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி விதிக்கப்பட்டிருந்தது. முகாமைத்துவம் பயின்ற நண்பர்களில் பெரும்பாலோர் கொழும்புக்குச் சென்றனர். வங்கி, காப்புறுதி, ஏற்றுமதி நிறுவனம் என்று ஆளுக்கொரு வாசல் திறந்தது. தாயாரைத் தனியே விட்டு நீண்டகாலம் பிரிந்திருக்க இயலாத நான், குடாநாட்டுக்குள்ளேயே ஓரிடம் தேடினேன். தேடியபோதுதான் எமது மண்ணின் தொழில் வறுமை கண்ணில் தைத்தது. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடுண்டது. அதன் புகைபோக்கியைப் பார்த்து நேரம் அறிந்த தலைமுறை வேறு. அதன் பெயரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த எமது தலைமுறை வேறு. ஈற்றில் எனக்கு வாய்த்தது ஒரு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். ஊர்ப் பேச்சில் சொன்னால், கள்ளுச் சங்கம்.

“கூட்டுறவுக் கந்தோர்” என்றே உறவினருக்குச் சொல்லி வைத்தேன். பெரியப்பாவுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. “படிச்சுப் படிச்சுக் கடைசியிலை முட்டி எண்ணவோ போறாய்?” என்றார். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வியைவிட, அதைக் கேட்டு நான் கூசினேன் என்பதே இன்று என்னை உறுத்துகிறது.

படிப்பையும் வேலையையும் மாறிமாறிச் செய்விக்கும் இம்முறை அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906 இல் தொடங்கியது. ஹேர்மன் ஷ்னைடர் என்ற பொறியியற் பேராசிரியர் 27 மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார். 1957 இல் கனடாவின் வாட்டர்லூ அதனைப் பெரும் அளவில் கைக்கொண்டது. அவர்களுக்கு முன்பே, கல்வியையும் உற்பத்தி உழைப்பையும் இணைப்பதைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில், றொபேட் ஓவனை முன்னிறுத்தி எழுதியிருக்கிறார். ஆயின் மார்க்ஸ் எண்ணியது முழு மனிதனை. முதலாளிமார் எண்ணியது பழக்கப்பட்ட ஊழியனை. எனக்கு அந்த ஊழியனுக்குரிய கூலியும் கிடைக்கவில்லை, பஸ் செலவு மட்டுமே கிடைத்தது. அது 2017 ஆம் ஆண்டு.

சங்கத்தில் எனது வேலை பேரேடுகளை ஒழுங்குபடுத்துவது. காலையும் மாலையும் சீவல் தொழிலாளர் கள்ளைக் கொணர்வர், அளப்பவர் அளந்து தொகையைச் சொல்வார், இலிகிதர் எழுதுவார். முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம் நேர்ந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னைத் “தம்பி” என்று அழைத்தார். நான் அவரை எப்படி அழைப்பது? எமது வீட்டுக்குப் பனை சீவ வந்தவர்களை, நரைத்தவர்களாயினும், பெயர் சொல்லியே அழைத்து வளர்ந்தவன் நான். “அண்ணை” என்ற அந்த ஒரு சொல் என் தொண்டையைக் கடந்து வர மூன்று நாட்கள் ஆயின.

வாசகர் இதனை மிகை என்று எண்ண வேண்டாம். இம்மக்களுக்குத் தேநீர்க் கடைகளில் குவளை மறுக்கப்பட்டுப் போத்தலிலும் தகரத்திலும் தேநீர் ஊற்றிக் கொடுக்கப்பட்ட ஊர் இது. அதனை எதிர்த்து 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் பொலிசாரின் அடியை வாங்கினர். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மீண்டும் போராடினர். குத்தகைக்காரரின் தவறணைகளுக்கு உழைத்துக் கொடுத்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் சங்கங்களாகத் திரண்டதும் அந்த எழுச்சிக் காலத்தின் தொடர்ச்சியே. இவற்றையெல்லாம் நான் நூலில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். இருந்தும் தொண்டை அடைத்தது.

அண்ணை ஒருநாள் விடியற்புறம் என்னைத் தமது மரங்களடிக்கு அழைத்துச் சென்றார். காலிலே தளைநார், இடுப்பிலே கத்திக்கூடு. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பாளையை நாட்கணக்கில் இடுக்கிப் பதப்படுத்திய பின்னரே சீவத் தொடங்க வேண்டுமாம். தடித்துச் சீவினால் பாளை வீண். மிக மெல்லிதாய்ச் சீவினால் ஊறாது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. “இதைப் பழக எவ்வளவு காலம் செல்லும்?” என்று கேட்டேன். “விழாமல் ஏற ஒரு வருசம். மரத்தின்ரை குணம் அறிய எனக்கு இன்னும் முடியேல்லை” என்றார். அன்றிரவு பயிற்சி நாட்குறிப்பில் அதனை எழுத முயன்றேன். ‘பெற்ற திறன்’ என்று ஒரு நிரலும், ‘பயிற்றுவித்தவர் பதவி’ என்று ஒரு நிரலும் இருந்தன. இரண்டிலும் எதையும் எழுத முடியாமல் வெறுமையாக விட்டேன்.

கேள்வியை எழுப்பியவரும் அவர்தான். ஒரு மாலை அளவு முடிந்ததும் அருகில் வந்து, “தம்பி, நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள். மிச்ச அரைப் போத்தல் எங்கை போகுது?” என்றார்.

பேரேட்டைப் புரட்டினேன். எங்கும் முழு எண்களே இருந்தன. பத்தரைப் போத்தல் கொண்டுவந்தால் பத்து என்று எழுதப்படும். மிச்சம் பொதுப் பீப்பாவுக்குள் ஊற்றப்படும். சிந்துவதற்கும் புளிப்பதற்குமான கழிவு என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அது முற்றிலும் பொய்யுமன்று. எவரும் அதனைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சங்கத்தின் இலாபத்திலேயே அது கலந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சராசரி அரைப் போத்தல் என்று கொண்டால் நாளுக்கு ஒன்று. ஆறு மாதப் பருவத்துக்கு ஏறத்தாழ 180. ஒருவருடைய பங்கே அவ்வளவு! சிந்துவது அதில் எத்தனை என்று எவரும் அளந்து பார்த்ததில்லை. இரண்டு வாரங்கள் நான் அளந்தேன். சிந்தியது சொற்பம்.

அந்தக் கணக்கை என் பயிற்சி அறிக்கையில் ஒரு தனிப் பக்கமாக எழுதினேன். வாழ்நாளில் எனது மூளையால் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுவென்று கருதுகிறேன். மேலதிகாரி அதை வாசித்தார். கோபிக்கவில்லை. “நல்ல வேலை, தம்பி. ஆனால் இது அறிக்கைக்கு வேண்டாம். வெளியாட்கள் வாசிப்பினம்” என்றார். அவருடைய ஒப்பமின்றி அறிக்கை செல்லாது, அறிக்கையின்றிப் பட்டமில்லை. அவர் என்னை மிரட்டவில்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனெனில் மிரட்டினார் என்று எழுதினால் எனக்கு இலகுவாக இருக்கும். நானாகவே பக்கத்தைக் கழற்றினேன். பக்க இலக்கங்களையும் திருத்தினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

கழற்றிய தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. பயிற்சி முடிந்த கிழமை அண்ணையின் வீட்டுப் படலையில் நின்று அதைக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் வாங்கி, நின்ற நிலையிலேயே இரு தடவை வாசித்தாள். “இதை ஏன் அறிக்கையிலை போடேல்லை, அண்ணா?” என்று கேட்டாள். ஒப்பம், விதி, பட்டம் என்று ஏதோ சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை. அண்ணை எனக்குக் குட்டானோடு ஒரு பனங்கட்டி தந்தார்.

அவ்வருடச் சங்கப் பொதுக்கூட்டத்தில் அந்தத் தாளை மகள் பிரதி எடுத்துக் கொடுக்க, அண்ணை எழுந்து கேட்டாராம். முதலில் சிரிப்பு எழுந்ததாம். பிறகு பின்வரிசையில் இருந்தவர்களும் தத்தம் அரைப் போத்தலைக் கேட்கத் தொடங்கினராம். கூட்டம் இரவாகியும் முடியவில்லையாம். நான் அங்கில்லை. பயிற்சிச் சான்றிதழைக் கோவைக்குள் வைத்துக்கொண்டு நேர்முகத் தேர்வொன்றுக்காகக் கொழும்புக்கு ரயிலேறியிருந்தேன்.

அடுத்த பருவத்தில் ஒரு காலை, ஒழுங்கை முடக்கில் அண்ணை சைக்கிளை நிறுத்தினார்.

“அரை எழுதுகினம், தம்பி,” என்றார். “கால்தான் இன்னும் பீப்பாவுக்கை போகுது.”