எலும்பு இருக்கும் பக்கம்

உடலின் புள்ளிகளைக் குறிவைத்து அடிப்பதைச் சீனர்கள் ‘தியென் ஷுவே’ என்பார்கள். ‘இந்தியன்’ படத்தில் கமல் இரண்டு விரலை முறுக்கியதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதன் மேல் என்ன ஆசை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பினாங்கில் வெள்ளைக் கொக்குப் பாணி பழகும் எங்களில் பலர் தியென் ஷுவே பட்டறை ஒன்றுக்குப் போனது அந்த ஆசையோடுதான். ஃபூஜியான் மாநிலத்து யோங்சுன்னில் பிறந்து ஹொக்கியன் மக்களோடு கடல் கடந்து வந்த பாணி இது.

பட்டறையை நடத்திய சிஃபு (ஆசான்) எங்களை உட்காரவைத்து, அவரவர் முன்கையை அவரவரே தடவச் சொன்னார். முழங்கை மடிப்பிலிருந்து கட்டைவிரல் பக்கமாக இரண்டு ‘சுன்’ கீழே, ஷோ சான் லி என்ற புள்ளி. ஒரு சுன் என்பது அவரவர் கட்டைவிரல் அகலம். தசையை விலக்கி அழுத்தினால் மணிக்கட்டு வரை மந்தமாக ஒரு வலி இறங்கும். பிறகு முஷ்டியில் ஆள்காட்டி விரல் கணுவை மட்டும் முன்தள்ளிக் கட்டைவிரலால் முட்டுக்கொடுத்து, அதே இடத்தில் என்னைத் தட்டினார். முதல் தட்டில் வெறும் வலி. கோணத்தைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே எலும்பை நோக்கித் தட்டியதும் சுளீரென்றது. பிடித்திருந்த துண்டு கையிலிருந்து நழுவியது. நரம்பு எலும்போடு நசுங்கினால்தான் புள்ளி வேலை செய்யும். வரைபடத்தில் அந்தச் சாய்வு இருக்காது.

சோங் அரசவையில் 1027-ல் வாங் வெய்யி வார்த்த, இதே புள்ளிகளைக் காட்டும் வெண்கல மனிதனுக்கு மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, ஊசி சரியாக இறங்கினால் நீர் கசியும்படி மருத்துவ மாணவர்களைச் சோதித்தார்கள் என்பார்கள். அது நின்ற இடத்தில் நிற்கும் பொம்மை. எதிராளி நிற்பானா? அதனால் பட்டறையில் பெரும்பொழுது ஒட்டும் கைப் பயிற்சிக்கே போனது. ஒரு கை எதிராளியின் முன்கையில் ஒட்டி, அவன் எலும்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறு கைக்கு அப்போதுதான் வழி கிடைக்கும்.

நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து, இந்த இரண்டு மணி நேரத்தில் இந்தப் புள்ளியை அடித்தால் மரணம் என்று ஓர் அட்டவணை உண்டு. ஒக்கினாவாவின் ‘புபிஷி’ நூலிலும் அது இருக்கிறது. நான் அதை நம்பவில்லை. சிஃபுவிடம் கேட்டேன். “அடிக்க வருகிறவனிடம் மணி கேட்பாயா?” என்றார். நெஞ்சில் விழும் அடி இதயத் துடிப்பின் குறிப்பிட்ட சில மில்லி வினாடிக்குள் விழுந்தால் ஆள் இறந்துபோகலாம். அதை எந்தக் குருவாலும் குறிபார்க்க முடியாது.

குரல்வளைக்குப் பக்கத்தில் நாடி துடிக்கும் ரென்யிங் புள்ளியில் மட்டும் சிஃபு யாரையும் அடிக்க விடவில்லை. அங்கே விழும் அடி ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி மயக்கம் போடவைக்கும். ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதமும் வரலாம். விரலை வைத்துக் காட்டியதோடு சரி. அதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். கட்டணம் கட்டியது அதற்குத்தானாம்! கன்றிப்போன கைகளுக்கு மூலிகைச் சாராயம் தேய்த்துவிடும் நேரம் வந்தபோது முதலில் கை நீட்டியவர்களும் அவர்கள்தான்.