இடது காது

"பையனுக்கா மேடம்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். "ஓ, தூங்குறதுக்கா?" என்று ஆரஞ்சு நிற நுரை அடைப்பான் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். துப்பாக்கி சுட என்றதும் என்னையும் என் கைத்தறிப் புடவையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பெரிய இயர் மஃப் ஒன்றைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடி, கொண்டை, காதில் தோடு. மூன்றையும் தாண்டி அது உட்காரவில்லை. "முதல்ல டைட்டாத்தான் இருக்கும், பழகிடும்" என்றார். செருப்பிலிருந்து சம்பந்தம் வரை எனக்குச் சொல்லப்பட்ட அதே வசனம்.

2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு எங்கள் ஊர் ரைபிள் கிளப்புக்குப் பள்ளிச் சிறுமிகள் நிறைய வந்தார்கள். என் மகளும் வந்தாள். அம்மாக்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்போம். மூன்று மாதத்தில் மகள் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை.

எனக்கு இது முதல்முறையும் இல்லை. 1998இல் கல்லூரி என்.சி.சி.யில் இரண்டு ஆண்டுகள் பாயிண்ட் டூ டூ ரைபிள் சுட்டிருக்கிறேன். அந்தச் சின்னத் துப்பாக்கியின் வெடியே காதருகே 140 டெசிபலைத் தொடும். நொடிக்கும் குறைவான சத்தங்களுக்குத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிற எல்லையும் அதுதான். எங்களுக்குக் கிடைத்தது பஞ்சு. காது வலிக்கிறது என்று ஒருத்தியும் சொன்னதில்லை. பெண்பிள்ளைகளையும் சுடவிட்டதே சலுகை என்ற பேச்சு முகாம் முழுக்க இருந்தது. வலி என்று சொன்னால் அந்தச் சலுகை போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும்.

போன வருடம் செவித்திறன் பரிசோதனையில், இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து ஏறியிருந்தது. "துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?" என்று அந்தப் பெண் தானாகவே கேட்டாள். வலக்கைக்காரர்கள் ரைபிளில் கன்னம் பதிக்கும்போது வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிக்கொள்ள, இடது காது குழல் வாயைப் பார்த்தபடி இருக்கும். அடியை வாங்குவது அதுதான். உள்காதில் அழிந்த மயிர்ச்செல் திரும்ப முளைக்காது.

அந்தப் பள்ளத்தில் எது விழுந்தது என்று எனக்குத் தெரியும். கூச்சல் எனக்கு நன்றாகக் கேட்கிறது, துறைக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிற ஆண்களின் குரலும் கேட்கிறது. மெல்லிய குரலில் சொல்லப்படும் ச, த, ப போன்ற வல்லின ஒலிகள்தான் நழுவுகின்றன. பிறப்பியல் நடத்துகிற ஆசிரியைக்கு இது நல்ல தண்டனை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பின் பெஞ்சு மாணவி ஒருத்தி இடப்பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னாள். "என்னம்மா?" என்றேன். மறுபடி சொன்னாள். மின்விசிறியின் சத்தம் வேறு. மூன்றாவது முறை கேட்டதும், "ஒண்ணுமில்ல மேம்" என்று போய்விட்டாள். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. திருமணம் என்றார்கள்.

ஆகவே, இம்முறை அந்தப் பொருளைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். நான் சுடுவது ஏர் ரைபிள், அதில் அவ்வளவு சத்தமில்லை. ஆனால் எங்கள் கூடத்தை ஒட்டியே தகரக் கூரையின் கீழ் பாயிண்ட் டூ டூ வெடிக்கும், ஒவ்வொரு வெடியும் கூரையில் மோதித் திரும்பி வரும். நுரை அடைப்பான் பெட்டியில் 33 என்று போட்டிருந்தது. அதில் ஏழைக் கழித்து இரண்டால் வகுத்துக்கொள் என்பது அமெரிக்கத் தொழிற்சாலைக் கணக்கு. மிஞ்சுவது 13. சரியாக வைக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு என்கிறார்கள், பெரும்பாலான பெண்களின் செவிக்குழாயோ ஆண்களுடையதைவிடக் குறுகல். எனக்கு அது பாதிதான் நுழைந்தது, பத்து நிமிடத்தில் பிதுங்கி வெளியே வந்தது. சிறிய அளவு தேடியதில் இரண்டு வாரம் போயிற்று. மஃப் விஷயமும் லேசில்லை. கண்ணாடிக் காம்பு விடும் இடுக்கில் சத்தம் நுழைகிறது, குமிழ் பருமனாக இருந்தால் கன்னம் பதிக்கும்போது ரைபிள் கட்டை இடித்து அதைத் தூக்கிவிடுகிறது. பேச்சைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் அமுக்கும் எலக்ட்ரானிக் மஃபும் உண்டு. "ஸ்டாப்" என்ற கட்டளை கேட்டாக வேண்டிய இடத்தில் அதுதான் உத்தமம். விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடைசியில் உள்ளே சிறிய அடைப்பான், மேலே மெல்லிய மஃப். இரண்டின் எண்களையும் கூட்டிவிடக் கூடாது, பெரிய எண்ணோடு ஐந்து சேர்த்தால் அதிகம். தோட்டைக் கழற்றி வைத்தேன், கொண்டையைக் கீழிறக்கினேன்.

"வீட்ல கூப்பிட்டாலே உனக்குக் கேக்கறதில்ல, இதுக்குக் காசு வேறயா?" என்றார் கணவர். முதல் நாள் பயிற்சி முடிந்து அலைபேசியைப் பார்த்தால் ஏழு தவறிய அழைப்புகள். குக்கர் எத்தனை விசில் என்று கேட்க.

எங்கள் கல்லூரி என்.சி.சி. மாணவிகளுக்கு அடைப்பான் வாங்க விண்ணப்பம் எழுதினேன். இது விளையாட்டுப் பொருளா, மருத்துவப் பொருளா என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. நானே ஒரு பெட்டி வாங்கிப் போனேன். மெல்லிய திரியாக உருட்டு, எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதின் மேல் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழு, செருகி முப்பது எண்ணும்வரை விரலை எடுக்காதே என்று வரிசையில் நிற்கவைத்துக் காட்டினேன். ஒருத்தி பன்னிரண்டிலேயே விரலை எடுத்துவிட்டு, "வலிக்கல மேம், பரவால்ல" என்றாள். அவளை மட்டும் முதலிலிருந்து எண்ணச் சொன்னேன்.