இருபத்தெட்டரை மில்லிமீட்டர்

வடபழனியில் ஒரு மாடிப் பட்டறை. கீழ்த்தளத்தில் சினிமா விளக்குகளை வாடகைக்கு விடுகிறார்கள். மேலே, ஜன்னலை ஒட்டிய நீள மேசையில் நிக்கார், யாஷிகா, பென்டாக்ஸ், ஹீலியாஸ் என்று பழைய ஸ்டில் கேமரா லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை ஃபிலிம் ரோல் காலத்தில் ஏதோ ஓர் ஊர் ஸ்டூடியோவில் கல்யாண குரூப் போட்டோ எடுத்தவை. இப்போது அவற்றை வீடியோ கேமராவின் முன்னால் மாட்ட வேண்டும். பட்டறைக்காரருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய பிழைப்பு இதுதான்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வருகிற உலோக வளையம்தான் அடாப்டர். பல அடாப்டர்களுக்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் காற்றுதான். ஆனால் அந்தக் காற்றுக்குத் துல்லியமான நீளம் உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் தன் லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒரு தூரத்தை நிர்ணயித்திருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மில்லிமீட்டர், கேனான் இஎஃப்புக்கு 44, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) சோனி இ மவுண்டுக்கு வெறும் 18. நிக்கானின் பழைய நிக்கார் லென்ஸை சோனி கேமராவில் மாட்டினால் இடையில் 28.5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். அடாப்டர் நிரப்ப வேண்டியது அதைத்தான், ஒரு மயிரிழைகூட முன்பின் ஆகாமல்.

எதிர்த்திசையில் இது நடக்காது. 44-க்குச் செய்த கேனான் லென்ஸை 46.5 உள்ள நிக்கான் பாடியில் மாட்டினால் லென்ஸ் இரண்டரை மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது ஒருக்காலும் ஃபோகஸ் ஆகாது. நடுவே கண்ணாடி வைத்துத்தான் சரிசெய்ய முடியும், அது படத்தின் தரத்தைக் கெடுத்துவிடும்.

நான் போயிருந்தபோது ஆரணியிலிருந்து ஒரு கல்யாண வீடியோகிராஃபர் வந்திருந்தார். அப்பாவின் ஸ்டூடியோவிலிருந்த 24 எம்எம் நிக்காரும், ஆன்லைனில் மலிவாக வாங்கிய அடாப்டரும் கையில்.

“கோயில் வாசல்ல வெச்சு கோபுரத்தை எடுத்தேண்ணே. தூரத்துல இருக்கிறது எதுவுமே ஷார்ப்பா வரல. ஆனா இதே அடாப்டர்ல 85 போட்டா நல்லாத்தான் இருக்கு. அப்ப லென்ஸுதானே கோளாறு?”

“லென்ஸ் மேல பழி போடாத தம்பி” என்றார் பெரியவர். லென்ஸைத் தொடவே இல்லை. அடாப்டரை மட்டும் சமதளக் கல்லின்மேல் வைத்து, டயல் கேஜின் முனையை விளிம்பில் நாலு இடத்தில் இறக்கிப் பார்த்தார். எல்லா இடத்திலும் முள் அதிகமாகவே காட்டியது. சுமார் 0.1 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் தடிமன் அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட லேசாக உயர்ந்திருந்தது.

ஒரு தாள் தடிமன் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கிறது. லென்ஸின் குவிய நீளத்தை அதனாலேயே பெருக்கி, பிழையால் வகுத்தால், அந்த லென்ஸ் எட்டக்கூடிய கடைசித் தூரம் கிடைக்கும். 24 எம்எம் லென்ஸுக்கு 576-ஐ 0.1-ஆல் வகுக்க வேண்டும். 5,760 மில்லிமீட்டர், அதாவது ஆறு மீட்டர்கூட இல்லை. வளையத்தை எவ்வளவு திருகினாலும் அதற்கு அப்பால் இருப்பது மங்கல்தான். அதே பிழையோடு 85 எம்எம் லென்ஸ் 72 மீட்டர் வரை போகும். மணமேடையில் மணப்பெண்ணின் முகத்தை எடுக்க 72 மீட்டர் தாராளம். அதனால்தான் அந்தத் தம்பிக்குக் கோளாறு கோபுரத்தின் முன்னால் மட்டும் தெரிந்தது.

அடாப்டர் குட்டையாக இருந்தால் வேலை சுலபம். மெல்லிய பித்தளை ஷிம்களை அளந்து வைத்து உயர்த்திவிடலாம். மலிவு அடாப்டர் செய்பவர்களில் பலர் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகத்தான் செய்கிறார்கள். தூரக் காட்சி எப்படியும் ஃபோகஸில் விழும், வாங்கியவர் திருப்பி அனுப்பமாட்டார். ஆனால் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் தூர அளவுகள் அத்தனையும் பொய்யாகிவிடும். தானே ஃபோகஸ் பார்த்து எடுப்பவருக்கு அது பெரிய தொல்லையில்லை. டேப் பிடித்து அளந்து, எண்ணைப் பார்த்துத் திருப்புகிற ஃபோகஸ் புல்லருக்கோ அது சித்திரவதை.

இந்த அடாப்டர் நெட்டை. அதனால் லேத்துக்குப் போக வேண்டும்.

லேத் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு சின்ன ஷெட்டில் இருக்கிறது. பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைகிற அண்ணன் ஒருவர் அவற்றுக்கு நடுவே இந்த வளையங்களையும் கடைந்து தருகிறார். சுவர் மெல்லிதான அலுமினிய வளையத்தைச் சக்கின் தாடைகள் நேராகக் கவ்வினால் நசுங்கி வட்டம் கெட்டுவிடும். அதனால் உள்ளே சரியாக உட்காருகிற ஒரு மாண்ட்ரலை முதலில் கடைந்து, அதில் வளையத்தை மாட்டினார். பிறகு முகப்பில் இருபது மைக்ரான் சீவல். நிறுத்தி, துடைத்து, மைக்ரோமீட்டரால் அளவு. மறுபடி இருபது. கடைசியில் பத்து. சீவிய முகம் சாய்ந்திருந்தால் படத்தின் இடது ஓரம் ஷார்ப்பாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வரும். தான் ஒருநாளும் சினிமா கேமரா வழியாகப் பார்த்ததில்லை என்றார் இந்த அண்ணன். “அளவு சொன்னா அளவு வரும். படம் எப்படி வருதுன்னு நீங்கதான் சொல்லணும்” என்று சிரித்தார். இவர் கை இல்லாமல் அந்தக் கோபுரம் எந்தக் கல்யாண வீடியோவிலும் தெளிவாகத் தெரியப் போவதில்லை.

ஸ்டில் லென்ஸுக்காகப் பட்டறையில் உலோகம் சீவுவது சினிமாவில் பழைய கதை. 1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் மட்டும் எடுத்த காட்சிகளுக்காக இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் ஜெய்ஸ் செய்த 50 எம்எம், எஃப் 0.7 பிளானர். நாசாவின் நிலவுப் பயணத் திட்டத்துக்காக உருவான ஸ்டில் லென்ஸ் அது. மொத்தம் பத்துதான் செய்தார்கள், அதில் மூன்றைக் குப்ரிக் வாங்கினார். அதன் பின் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால் எந்த அடாப்டரும் உதவாது. சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்தின் எட் டிஜூலியோ, மிட்செல் பிஎன்சி கேமராவின் உட்பகுதியையே வெட்டித் திருத்தினார். அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் வழக்கமான லென்ஸ்களை மாட்ட முடியாமல் போனது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்.

சாமானியர்களுக்கு இந்தக் கதவு திறந்தது 2008-இல், கேனான் 5டி மார்க் 2 வந்தபோது. ஸ்டில் கேமராவிலேயே முழு ஹெச்டி வீடியோ. ஆனால் ஆரம்பத்தில் வீடியோ எடுக்கும்போது அதன் எக்ஸ்போஷரை நாமே வைத்துக்கொள்ள வழியில்லை, கேமராவே அபர்ச்சரைத் திறந்து மூடும். 2009 ஜூனில் கேனான் மென்பொருளைத் திருத்தும்வரை பலர் கண்டுபிடித்திருந்த வழி, இரண்டரை மில்லிமீட்டர் அடாப்டர் வளையத்தோடு பழைய நிக்கான் லென்ஸை மாட்டுவது. அபர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் கேமராவால் அதைத் தொட முடியாது. இப்படிப் போட்டிக் கம்பெனியின் லென்ஸே கேனானின் குறையைத் தீர்த்தது. தமிழிலும் 2012-இல் வந்த ‘வழக்கு எண் 18/9’ படத்தை ஒளிப்பதிவாளர் எஸ்.டி.விஜய் மில்டன் ஸ்டில் கேமராவில் எடுத்துக் காட்டினார். கோடம்பாக்கத்தைச் சுற்றியுள்ள வாடகை நிலையங்களில் ஸ்டில் லென்ஸ்களுக்கு மரியாதை கூடியது அந்த ஆண்டுகளில்தான்.

மாட்டியதோடு வேலை முடிவதில்லை. பட்டறைக்கு அடிக்கடி வரும் உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர், கிண்டியிலிருந்து ஸ்கூட்டரில் லென்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிற பெண், குறைகளைக் கையால் காட்டினார். ஸ்டில் லென்ஸில் அபர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று படிப்படியாக விழும். ஷாட் ஓடும்போது திருப்பினால் வெளிச்சம் குதிப்பது திரையில் தெரியும். அதனால் உள்ளிருக்கும் குட்டிக் குண்டை எடுத்து வளையத்தை வழுக்கலாக்க வேண்டும். நிக்கான் வளையம் சினி லென்ஸ்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், பழகிய கை தடுமாறும். எம்42 திருகு லென்ஸில் இன்னொரு ஆபத்து: ஃபோகஸை அழுத்தித் திருப்பினால் லென்ஸே அடாப்டரிலிருந்து கழன்று வரும். பெரியவர் அதைப் பக்கவாட்டில் மூன்று குட்டித் திருகாணிகளால் பூட்டிவிடுகிறார்.

“சின்ன ஆட்டம் இருந்தாலும் போச்சு சார். ஃபோகஸ் திருப்பும்போது ஃபிரேமே ஒரு பக்கம் நகரும். மானிட்டர்ல தெரியாது, தியேட்டர்ல தெரியும்” என்றார் அந்த உதவி ஒளிப்பதிவாளர்.

அவருக்குப் பிடித்தது ஹீலியாஸ் 44-2. 58 எம்எம், எஃப் 2. ஜெய்ஸின் பயோடார் வடிவமைப்பை ஒட்டி சோவியத் நாட்டில் செய்தது, ஜெனித் கேமராவோடு வந்தது. அதன் அபர்ச்சரில் முன்கூட்டியே வரம்பு வைக்கும் தனி வளையம் ஒன்றும், டிக் சத்தமே இல்லாமல் திறந்து மூடும் இன்னொரு வளையமும் உண்டு. வீடியோவை நினைத்துச் செய்யாத லென்ஸுக்கு வீடியோவுக்கு வேண்டியது தற்செயலாக வாய்த்திருக்கிறது. ஓரங்களில் பின்னணி சுழல்வதுபோல் விழும் அதன் மங்கலை விரும்பியே பலர் தேடுகிறார்கள். 2024-இன் ‘ட்யூன்: பகுதி இரண்டு’ படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் பயன்படுத்தியவற்றில், சோவியத் லென்ஸ்களுக்குப் புதுக்கூடு செய்யும் உக்ரைனின் ஐயர்ன்கிளாஸ் தயாரிப்புகளும் இருந்தன.

கண்ணாடி உள்ள அடாப்டர்களும் மேசையில் கிடந்தன. 2013-இல் மெட்டாபோன்ஸ் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர் வகை. பெரிய ஃபிரேமுக்கான லென்ஸின் படத்தை 0.71 மடங்காகச் சுருக்கிச் சின்ன சென்சாரில் விழவைக்கும். ஒளி ஒரு ஸ்டாப் கூடும். 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ், 35 எம்எம் எஃப் 1.0 லென்ஸாக வேலை செய்யும். பெரியவர் இவற்றைத் திறப்பதில்லை, தூசி மட்டும் துடைத்துத் தருகிறார்.

ஆரணித் தம்பியின் அடாப்டர் லேத்திலிருந்து திரும்பியதும் உள்சுவருக்கு ஒளி திருப்பாத கறுப்பு மை பூசப்பட்டது. கடைகளில் வரும் வளையங்கள் பலவற்றின் உள்பக்கம் பளபளக்கிறது, எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்க வெளுத்துப்போகும். மை காய்ந்ததும் மொட்டை மாடியில் கேமராவை வைத்து, மெட்ரோ மேம்பாலத்தைப் பார்த்தார்கள். தண்டவாளத் தடுப்பின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. “இப்ப 24-ஐ எடுத்துட்டு 85 போடு. அதையும் பாரு” என்றார் பெரியவர். அதுவும் சரியாக இருந்தது.

படத்தின் பெயர்ப்பட்டியலில் டிரைவர் பெயர் வருகிறது, சாப்பாடு போட்டவர் பெயர் வருகிறது. வரவேண்டியதுதான். இருபது மைக்ரான் இருபது மைக்ரானாகச் சீவியவர் பெயரும் அங்கே வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சந்தையும் மாறிக்கொண்டிருக்கிறது. புதுக் கேமராக்களுக்கு நேரடி மவுண்ட் லென்ஸ்கள் விலை குறைந்து வருகின்றன. அடாப்டரைத் திருத்தக் கேட்டு வருபவர்கள் முன்பைவிடக் குறைவு என்கிறார் பெரியவர். கூடு மாற்றும் வேலை கூடியிருக்கிறது. இப்போது மேசையில் இருப்பது ஒரு வாடகை நிலையத்தின் யாஷிகா எம்எல் லென்ஸ் செட். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முன்வளையம், ஃபோகஸ் பற்சக்கரம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வரவேண்டும், லென்ஸ் மாற்றும்போது ஃபோகஸைத் திருப்பும் ஃபாலோ ஃபோகஸ் கருவியை நகர்த்தத் தேவையிருக்கக் கூடாது. பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். 50 எம்எம் தயார். 28-இன் வரைபடம் அம்பத்தூருக்குப் போயிருக்கிறது.