அக்வா காருக்குள் ஒரு பழைய கதை



நம்ம ஊரில் ஓடும் அக்வா, பிரியஸ் கார்கள் ஏன் குறைவாகப் பெற்றோல் குடிக்கின்றன என்று கேட்டால், "பெற்றரி இருக்குத்தானே" என்பார்கள். அது பாதிப் பதில்தான். மற்றப் பாதி இஞ்சினுக்குள் இருக்கிறது.

சாதாரண இஞ்சினில் பிஸ்டன் எவ்வளவு தூரம் காற்றை அமுக்குகிறதோ, எரிந்த பிறகும் அவ்வளவு தூரம்தான் தள்ளப்படுகிறது. அழுத்தம் மிச்சமிருக்கும்போதே வால்வு திறந்து, அது புகையோடு வெளியே போய்விடும். நாம் காசு கொடுத்து அடித்த பெற்றோல்தான் அப்படிப் போகிறது.

இதைத் தடுக்க ஜேம்ஸ் அட்கின்ஸன் என்ற ஆங்கிலேயர் 1887 இல் ஒரு இஞ்சினுக்குக் காப்புரிமை எடுத்தார். குறைவாக அமுக்கி, கூடுதலாக விரிய விடுவதுதான் அவரது யோசனை. யோசனை சரி. ஆனால் அதற்காக அவர் போட்ட தண்டுகளும் மூட்டுகளும் அதிகம். செய்யச் செலவு, தேய்மானமும் கூட. சாதாரண இஞ்சின்தான் நிலைத்தது.

1997 இல் பிரியஸ் வந்தபோது டொயோட்டா அந்தத் தண்டுகளைத் தொடவே இல்லை. பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் உள்ளெடுக்கும் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்தார்கள். காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போகும். அமுக்குவது குறையும், விரிவது முழுசாக இருக்கும். இழுவை குறையும்தான், அதை மோட்டார் ஈடுசெய்கிறது. வழக்கமான பாகங்களே போதும், வால்வின் நேரம்தான் மாறியது.

இதை வகுப்பில் சொன்னபோது கராஜ்காரர் ஒருவரின் மகன், "அப்ப கேமை மாத்தினாப் போதுமா சேர்?" என்று கேட்டார். புத்தகத்தில் படித்த கேள்வியல்ல, வாப்பாவோடு கிரீஸ் பிடித்த கை கேட்ட கேள்வி. அந்தப் பிள்ளைக்கு ஏ.எல்.லில் தொழினுட்பப் பிரிவு எடுக்க விருப்பம். வீட்டில், "கெட்டிக்காரன் ஏன் அதுக்குப் போகணும்?" என்கிறார்களாம்.

பெற்றோரே, நல்ல யோசனை இருந்தும் மலிவாகச் செய்யும் வழி கிடைக்காமல் ஒரு இஞ்சின் நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதும் கெட்டிக்காரரின் வேலைதான். 2022 இல் பெற்றோல் கியூவில் நின்ற நமக்கு அதன் பெறுமதி தெரியாதா?

கராஜ் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓடாத பழைய இஞ்சின் கிடந்தால் இரும்புக்குப் போடமுன் பக்கத்துப் பாடசாலைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் கழற்றிப் பார்க்கட்டும்.