வரி நோட்டில் பெயர் இருக்கிறதா?

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி போய், அங்கிருந்து ஏரியை நோக்கித் திரும்பினால் சுண்ணாம்புக்குளம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியின் கரைப் பகுதி இது. ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தப் பக்கத்தின் பழைய தொழில். பனிக்காலத்தில் பூநாரை பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பறவை பார்த்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களின் கோயில் பக்கமும் போய் வாருங்கள்.

சாமி கும்பிடும் இடம்தான் ஊர்க்கூட்டம் கூடும் இடமும். திருவிழாவுக்குத் தருவதை இங்கே நன்கொடை என்று சொல்வதில்லை, வரி என்பார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டை எண்ணித்தான் வரி. ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் தொழிலுக்குப் போக முடியாமல் ஒதுக்கிவைப்பதும் உண்டு.

கண்டிப்புக்குப் பதிலாக ஊர் தருவது என்ன? ஏரியில் பங்கு. அதற்குப் பெயர் ‘பாடு’. இறால் நன்றாக விழும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மட்டுமல்ல, மாதா கோயிலைக் கும்பிடும் நடூர் மாதா குப்பமும் இந்தப் பாட்டு முறையில் இருக்கிறது. பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

கொடுப்பதைக் கட்டாயமாக்கியது நம் குப்பங்கள் மட்டுமல்ல. யூதர்கள் தர்மத்தை ‘செதாக்கா’ என்பார்கள். நீதி என்ற சொல்லோடு பிறந்த சொல் அது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு தர்மப் பெட்டி இருந்தது. வசூலிக்க இரண்டு பேர், பங்கிட மூன்று பேர் என்பது விதி. வசதி இருந்தும் கொடுக்காதவரிடம் பொருளை ஈடாகப் பிடிக்கவும் ஊருக்கு உரிமை இருந்தது. 12-ம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் தொகுத்த சட்டத்தில் ஒரு விதி யோசிக்க வைக்கிறது: தர்மம் வாங்கிப் பிழைக்கும் ஏழையும் தன் பங்குக்குக் கொஞ்சம் தர்மம் செய்ய வேண்டும்.

ஏழையிடம் போய் வாங்குவதா என்று தோன்றும். ஆனால் கொடுக்கிறவர் கணக்கில் இருந்தால்தான் அவரும் ஊரில் ஒருவர். இதை நம் கடற்கரை 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தது. தமிழகக் கரையோரம் பல ஊர்களில் நிவாரணத்தைத் தலைக்கட்டுக் கணக்கில்தான் பிரித்தார்கள். கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. பாவம், அவர்களிடம் வரி கேட்க வேண்டாம் என்று ஊர் இரக்கப்பட்டிருக்கலாம். அந்த இரக்கமே பங்கு பிரிக்கும் நாளில் அவர்கள் பெயரை விட்டுவிட்டது. தண்ணீரில் இறங்கித் தடவித் தடவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பாட்டில் இடமில்லை.

வரி போடுவது தப்பில்லை. அந்த வரிதான் ஏரியைப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு நோட்டு எழுதும்போது, தனியாக வாழும் அந்தப் பெண்களின் பெயரையும் எழுதி, ஆளுக்குப் பத்து ரூபாயாவது வாங்கிக்கொள்ளட்டும். நாளைக்கு ஊரிடம் பங்கு கேட்க அவர்களுக்கும் வாய் இருக்கும்.