பகிடியும் பண்பும்

நம் நாட்டுத் தமிழிலே ‘பகிடி’ என்றொரு சொல் உண்டு. தமிழகத்தார் கேலி என்றும் கிண்டல் என்றும் கூறுவனவற்றை நாம் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவோம். ஆயினும் மூன்றும் ஒன்றென்று கொள்வதற்கு என் மனம் ஒருப்படுவதில்லை. கேலி செய்பவன் பிறனைத் தனக்கு எதிரே நிறுத்திவைத்துச் சிரிக்கிறான். பகிடி விடுபவனோ அவனைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு சிரிக்கிறான். நக்கல், நளினம் என்னும் சொற்களும் நம்மிடையே வழங்குகின்றன. அவற்றில் ஒரு முள் உண்டு. நல்ல பகிடியிலும் முள் இருத்தல் கூடும். ஆனால் அது தைக்குமுன்னரே மழுங்கிவிடும்.

தலை நரைத்தபின்னும் ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு திரிவது வயதுக்கு அழகாகுமா என்று வினவுவோர் உளர். “பிள்ளைகுட்டிக்காரர் செய்கிற வேலையா இது?” என்னும் கேள்வி என் வீட்டிலேயே பலமுறை எழுந்திருக்கிறது. அக்கேள்விக்கு நான் வாய்விட்டு விடை கூறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் படிக்கும் அன்பர்கள் முன்னிலையில் இன்று கூறிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

தொல்காப்பியர் மனித உள்ளத்தின் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாகச் சொன்னார். ஒருவரையொருவர் எள்ளி நகையாடுதல் நேற்றுத் தோன்றிய நாகரிகக் கேடு அன்று என்பது இதனால் விளங்கும். கிரேக்க ஞானி அரிஸ்தோத்தலும் தமது அறநூலின் நான்காம் பகுதியில் இதனை ஆராய்ந்துள்ளார். எதனையும் எவரையும் சிரிப்புக்கு இரையாக்கும் கோமாளி ஒரு புறம். தானும் சிரியாது பிறர் சிரிப்பதையும் பொறாத முசுடன் மறுபுறம். இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் இனிய நகையுரையை அவர் ஒழுக்கத்தின் பாற்பட்டதாகவே கொண்டார்.

வள்ளுவரோ இரண்டு பக்கத்தையும் ஒரே அதிகாரத்தில் வைத்தார். பண்புடைமை என்னும் நூறாவது அதிகாரத்தில், விளையாட்டிலேனும் ஒருவரை இகழ்வது துன்பந் தரும் என்கிறார். அதே அதிகாரத்தில் நான்கு குறள்களைக் கடந்தால், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்கு இப்பேருலகம் பகற்பொழுதிலும் இருண்டே கிடக்கும் என்கிறார். இகழாமலும் இருக்கவேண்டும், மகிழாமலும் இருக்கலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரம்பின்மேல் நடப்பதே பகிடி.

மானிடவியலறிஞராகிய இராட்கிளிஃப் பிரவுண் என்பார் 1940 ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு கட்டுரை வரைந்தார். சில உறவு முறைகளிலே ஒருவர் மற்றவரைக் கேலி செய்வதற்கு வழக்கம் இடந்தருகிறது; கேலிக்கு ஆளானவர் கோபங்கொள்ளலாகாது என்றும் அவ்வழக்கமே விதிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. நம்மவருக்கு இதனை நூலெழுதி விளக்கவேண்டுவதில்லை. மச்சானுக்கும் மச்சாளுக்கும் இடையில் நடைபெறும் சொற்போரை அறியாத தமிழர் வீடு ஏது? உறவினர் அல்லாத நண்பனையும் ‘மச்சான்’ என்று நாம் விளிப்பதன் உட்பொருளும் இதுவே என்று நான் நினைக்கிறேன். “உன்னைப் பகிடி பண்ணும் உரிமை எனக்கு உண்டு; என்னைப் பகிடி பண்ணும் உரிமை உனக்கும் உண்டு” என்னும் உடன்படிக்கை அவ்வொரு விளியில் அடங்கிக் கிடக்கிறது. சிங்கள நண்பர்களும் அதனையே ‘மச்சங்’ என்று வழங்குவதைக் கொழும்பிற்குச் சென்றுவந்த யாவரும் கேட்டிருப்பர். மட்டக்களப்பிலே கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்பு விளையாட்டில், வடசேரியார் என்றும் தென்சேரியார் என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒருவர்மேல் ஒருவர் வசை பாடுதல் மரபு. விளையாட்டு முடிந்தால் வசையும் முடிந்துவிடும். பாடியவரும் பாடப்பட்டவரும் பழையபடி உறவினரே.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் விறாந்தையிலே மாலை வேளைகளில் எண்மர் கூடுவோம். அவர்களுள் வயதிற் குறைந்தவன் நான். எனக்கே நாற்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், வெங்காயம் செய்யும் கமக்காரர் ஒருவர், பரியாரியார் ஒருவர், முன்னாளிற் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர் ஒருவர் என்று பல தொழிலாளரும் அதில் உண்டு. நால்வர் முந்நூற்றுநாலு ஆடுவர். ஏனையோர் சுற்றியிருந்து ஆட்டத்தைக் கெடுப்பர். காசு வைத்து ஆடும் வழக்கம் எங்களிடம் இல்லை.

முந்நூற்றுநாலு அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு சீட்டுக்களை நால்வர் ஆளுக்கு எட்டாகப் பகிர்ந்து, எதிரெதிரே இருப்பவர் கூட்டாகி ஆடுவது அது. ஒவ்வோர் இனத்திலும் எழுபத்தாறு புள்ளிகள். நான்கு இனத்திலுமாக முந்நூற்றுநான்கு. இதிலே அரசனுக்கு மூன்று புள்ளி. அரசிக்கு இரண்டு புள்ளி. ஆனால் ஜாக் எனப்படும் சேவகனுக்கோ முப்பது! அரசனைச் சேவகன் வெட்டி வீழ்த்தும் இவ்விளையாட்டின்மேல் நம்மவருக்கு இத்தனை பிரியம் ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நான் எண்ணுவதுண்டு. அந்த விறாந்தையிலும் அதே விதிதான். பகலிலே யார் எந்த நாற்காலியில் வீற்றிருந்தாலும் மாலையில் அங்கே எல்லோரும் ஒரே பாயில்தான் இருக்கவேண்டும்.

தபாலதிபர் தவறான சீட்டைப் போட்டுவிட்டால், “உம்முடைய கடிதம் விலாசம் மாறி அடுத்த வீட்டுக்குப் போட்டுது, போஸ்ட்மாஸ்ரர்!” என்பார் கமக்காரர். “உம்முடைய வெங்காயம் மாதிரி வழியிலை அழுகாமல் எங்கையோ போய்ச் சேர்ந்துதே, அது காணும்” என்று மறுமொழி வரும். நான் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மௌனஞ் சாதித்தால், “மாஸ்ரர் வினாத்தாளை ஒளிச்சு வைச்சிட்டார், இனிப் பாடமாக்கினதை எழுதவேண்டியதுதான்” என்பார் பரியாரியார். உடனே மனேச்சர், “பரியாரியார் குடுக்கிற சீட்டெண்டால் பத்தியமும் சேர்த்துச் சொல்லவேணும்” என்பார். இவற்றை அச்சிற் படிக்கும்போது அத்துணைச் சிரிப்பு வாராது. பகிடி என்பது தோசையைப் போன்றது; கல்லிலிருந்து எடுத்தவுடனே உண்ணவேண்டும்.

இவ்வாறு வாய்க்கு வந்தபடி பேசுவதாகத் தோன்றினும், உண்மையில் அங்கே வாய்க்கு வந்தபடி ஒருவரும் பேசுவதில்லை. எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு. ஒருவருடைய தொழிலைப் பகிடி பண்ணலாம், பெருமையைப் பண்ணலாம், கஞ்சத்தனத்தைத் தாராளமாகப் பண்ணலாம். பிறப்பையோ உடற்குறையையோ வறுமையையோ தொடலாகாது. மணமாகாத மகள் உள்ளவர் முன்னிலையிற் கலியாணப் பகிடி எழாது. மனைவி மக்கள் எதிரே ஒருவரைத் தாழ்த்திப் பேசலாகாது. எங்களுள் ஒருவருடைய மகன் 2009 ஆம் ஆண்டின் பின்னர் வீடு திரும்பவில்லை. அவர் வந்து அமர்ந்தவுடன் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எப்படியோ மழையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். இதனை ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தவர் இல்லை. எவரெவர் உள்ளத்தில் எங்கெங்கே புண் உண்டு என்பதை அறிந்தவரே பகிடிக்கு உரியவர். அதனாற்றான் அயலூரார் ஒருவர் திடீரென வந்து பகிடி விட்டால் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

எல்லாவற்றிலும் தலையாய சட்டம் ஒன்று உண்டு: பகிடிக்கு ஆளானவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கவேண்டும். இவ்வுரிமை இல்லாதவிடத்துப் பகிடி என்ற பெயர் நிலைத்தாலும் பொருள் போய்விடும். நம் நாட்டுத் தமிழர் இதனை நுட்பமாக உணர்ந்து ஒரு சொல்லையும் ஆக்கியிருக்கின்றனர். பல்கலைக்கழகங்களிற் புதிதாய்ச் சேரும் மாணவரை மூத்த மாணவர் இம்சைப்படுத்துவதற்குப் ‘பகிடிவதை’ என்று பெயர். அச்சொல்லிலே பகிடி முன்னே நிற்கிறது; வதை பின்னே நிற்கிறது. மூத்தவன் சொல்லுவான், இளையவன் வாய் திறக்கலாகாது. மூத்தவன் சிரிப்பான், இளையவன் சிரித்தாலுங் குற்றம், சிரியாவிட்டாலுங் குற்றம். அதனைத் தடைசெய்வதற்கு 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்படவேண்டியதாயிற்று. மாணவர் என்னிடம் விடைபெற வரும்போது நான் கூறுவது ஒன்றுதான்: “உன்னைத் திருப்பிப் பகிடி பண்ண அஞ்சுகிறவனை நீ ஒருபோதும் பகிடி பண்ணாதே.” ஆசிரியருக்கும் இது பொருந்தும். வகுப்பறையில் மாணவனைப் பார்த்து ஆசிரியர் கூறும் பகிடிக்கு நாற்பது பேர் சிரிப்பர். ஒருவன் மட்டும் அன்றிரவு உறங்கமாட்டான்.

இனி, நான் கண்ணாரக் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தபாலதிபரின் மனைவியார் காலமானார். நாற்பத்தாறு ஆண்டு இல்லறம். பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து வந்தார்கள். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்ததும் திரும்பிச் சென்றார்கள். அதன்பின் ஒரு மாலை அவர் மெல்ல நடந்து நிலையத்துக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். “இருங்கோ ஐயா” என்று கமக்காரர் தம் இடத்தைக் கொடுத்தார். அதுவரை அவரை எவரும் ‘ஐயா’ என்று அழைத்ததில்லை. அன்று தொடங்கி அவர் வாயைத் திறந்தால் மற்றவர் வாய் மூடிக்கொள்ளும். தேநீர் முதலில் அவருக்கே வரும். அவர் எதனைச் சொன்னாலும் “ஓம் ஐயா” என்போம். மூன்று வாரங்கள் ஆட்டம் கோயிற் பூசை போல நடந்தது.

நாலாம் வாரத்தில் ஒரு நாள், ஆட்டம் வெல்லும் தறுவாயில், அவர் சிறுபிள்ளையும் போடாத ஒரு சீட்டைப் போட்டார். அவருடைய கூட்டாளி கமக்காரர். “பரவாயில்லை ஐயா” என்றார் அவர், மிகுந்த பணிவோடு. தபாலதிபர் கையிலிருந்த மிகுதிச் சீட்டுக்களைப் பாயில் வைத்தார்.

“செத்தது அவ. நான் இன்னும் சாகேல்லை” என்றார். “முந்தியெண்டால் இந்தச் சீட்டுக்கு என்னைக் கிணத்திலை தள்ளியிருப்பியள். வீட்டிலை கதைக்க ஆளில்லை எண்டுதான் இஞ்சை வாறன். இஞ்சையும் என்னை ஐயா ஆக்கிப் படமாய் மாட்டிப்போட்டியள்.”

விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. கமக்காரர் தலையைக் குனிந்தபடி அந்தச் சீட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதனை இரு விரல்களால் எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார்.

“போஸ்ட்மாஸ்ரர், உதுக்கு ஒட்டின முத்திரை காணாது. தண்டம் கட்டும்” என்றார்.

தபாலதிபர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பின் இடையிலே அவருடைய கண்கள் நிறைந்தன. நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் சீட்டுக்களைக் கவனமாக ஆராயலானோம். பரியாரியார் மாத்திரம், “தண்டத்தை வடையாய்க் கட்டினாலும் சங்கம் ஏற்றுக்கொள்ளும்” என்றார். அன்று எண்மருக்கும் வடையும் பிளேன் ரீயும் தபாலதிபர் செலவில் நடந்தன. அவருடைய வாழ்நாளில் அது ஓர் அற்புதம் என்று மனேச்சர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போனார்.

துக்கத்துக்கு மரியாதை வேண்டும், அதில் ஐயமில்லை. செத்த வீட்டிற் சிரிப்பவனை ஊர் மன்னிக்காது, மன்னிக்கவுங் கூடாது. ஆனால் மரியாதை என்பது ஒரு வேலி. சில நாட்களுக்கு அது காவலாக நிற்கும். அதன்மேலும் நின்றால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியின்றிப் போகும். துக்கப்பட்டவருக்குரிய அந்நாட்கள் எத்தனை என்பதை எந்தப் பஞ்சாங்கமும் கணித்துச் சொல்வதில்லை. அருகிலிருப்பவரின் மனமே அதனை அறியவேண்டும்.

ஒருவரைப் பகிடி பண்ணுவதற்கு அவருடைய பழக்கம் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவருடைய பேச்சை நேற்றும் முந்தநாளும் நாம் கேட்டிருக்கவேண்டும். அவருடைய கோபத்தின் எல்லையை அறிந்திருக்கவேண்டும். அத்தனையும் அறியும் அளவிற்கு ஒருவரோடு ஒருவர் காலங் கழித்திருக்கவேண்டும். புகழ்ச்சியை முன்பின் அறியாதவருக்கும் வழங்கலாம். மேடைகளில் நாள்தோறும் வழங்குகிறோம். பகிடியை அவ்வாறு வழங்க இயலாது. அது நெடுநாட் பழக்கத்தின் வட்டி.

நம் ஊர்களிலே முதியோர் தனித்திருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பர். பணம் வரும், மருந்து வரும், தொலைபேசியில் “சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ” என்னும் அன்பான வினாக்களும் வரும். அவையாவும் வேண்டியனவே. ஆனால் தம்மைச் சமனாக வைத்துச் சீண்டுவதற்கு ஓர் ஆளில்லாமல் அவர்களிற் பலர் ‘ஐயா’வாகவும் ‘அம்மா’வாகவும் ஆண்டுக்கணக்காக வீற்றிருக்கின்றனர். உங்கள் அயலில் அப்படியொருவர் இருந்தால், அவருடைய பழைய உத்தியோகத்தைப் பற்றியோ பழைய சைக்கிளைப் பற்றியோ மெல்ல ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். அவர் திருப்பிக் கொடுக்கும் வரை சற்றுப் பொறுத்திருங்கள். கொடுப்பார்.