முகமும் அகமும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் ஒருவன், கோவை ஒப்பணக்காரத் தெருவில் எடுத்த இரு நிழற்படங்களோடு வந்தான். ஒன்றில் கல்லென இறுகிய முகம். மற்றதில் பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு.

"சாமி, எதைங்க அனுப்பறது?"

1839-இல் புகைப்படக்கலை அறிமுகமானபோது சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். சிரிப்பு அவ்வளவு நேரம் நிற்காது. அக்காரணம் மறைந்தும் இறுக்கம் நம்மை விடவில்லை. கடவுச்சீட்டுக்குச் சலனமற்ற முகம் விதி. விண்ணப்பத்திற்கு அவ்விதி இல்லையே!

அவனை வளர்த்த அம்மாயியை அடக்கம் செய்தவன் நான். பெட்டியருகே வைக்க வாக்காளர் அட்டைப் படந்தான் கிடைத்தது. அந்தக் கடுத்த முகத்தை உற்றாரே அறியவில்லை.

"மூச்சை மெல்ல விட்டு, அம்மாயியை நினைத்துக்கொண்டு இன்னொன்று எடு, தம்பி" என்றேன்.

எடுத்து வந்தான். உதடு மூடியிருந்தது, கண்கள் மலர்ந்திருந்தன. அன்பர்களே, அதில் நான் கண்டது அம்மாயியின் முகம்!